நின்றபடி ஊட்டுதல்

உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டேன். விசாரணை அறைக்குள் நுழைந்ததும் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், மூன்று நாற்காலிகள். இந்தப் பக்கம் வெறும் தரை. நிற்கவைத்துக் கேட்டால் சீக்கிரம் முடியும் என்ற கணக்காக இருக்கலாம். தலைவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற பியூனைப் பார்த்தார். நாற்காலி வந்தது.

அம்மா இதைப் பார்த்திருந்தால் முகத்தை மூடிக்கொண்டிருப்பாள். "போற இடத்துல தண்ணி கேளு, குடுப்பாங்க. நாற்காலி மட்டும் கேட்டுடாதே. அப்புறம் தண்ணியும் கிடைக்காது" என்று சொல்லித்தான் என்னை வளர்த்தாள். வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்து என்னைப் படிக்கவைத்தவள். அந்த வீடுகளின் சோபாக்களையெல்லாம் துடைத்திருக்கிறாள், ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. நிற்பது எங்கள் பரம்பரைச் சொத்து. குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் நான், முதல் நாற்காலியைக் கேட்டு வாங்கியவளும் நான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாற்காலியின் அருமை தெரியாதவள் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.

முதியோர் இல்லத்தில் என் பதவி, தர மேம்பாட்டு அலுவலர். வருஷத்துக்கு ஒருமுறை வாரியத்திலிருந்து மதிப்பீட்டாளர் வருவார். பெரியவர்களை நாங்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு பகல் சுற்றிப் பார்த்து மார்க் போடுவார். அந்த மார்க்கை உயர்த்துவது என் வேலை. பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது வேறு ஆட்களின் வேலை. எனக்கு முன்னால் இருந்தவர் இரண்டையும் குழப்பிக்கொண்டார். நல்ல மனுஷன், பாவம். ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை.

நான் குழப்பிக்கொள்ளவில்லை. வாடை இருக்கக் கூடாது என்றார்கள், எலுமிச்சை வாசனை அடித்தேன். கதவுகள் அறைந்து சாத்தக் கூடாது என்றார்கள், ரப்பர் பட்டை வைத்தேன். ஊழியர்கள் பெரியவர்களின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார்கள், 'கண் பார்த்துப் பேசுவோம்' என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டினேன். வீட்டுச் சூழல் வேண்டும் என்றார்கள். கட்டிலுக்கு ஒரு போட்டோ சட்டம் வாங்கி வைத்தேன். உள்ளே போட யாருடைய குடும்பமும் படம் அனுப்பவில்லை. அதனால் சட்டத்தோடு கடைக்காரன் வைத்திருந்த படமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தையல்கார அம்மா தன் கட்டில் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "இவ என் மருமக இல்லையேம்மா" என்றார். பிறகு, "பரவால்ல, இவளே இருக்கட்டும். சிரிச்ச முகமா இருக்கா" என்றார். குடியிருப்போர் திருப்தி என்ற தலைப்பில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

இவ்வளவு இருந்தும் போன வருஷம் முதல் தரம் தவறிவிட்டது. காரணம் ஒரே ஒரு வரி: 'பணி நேரத்தில் ஊழியர்கள் உட்கார்ந்திருப்பது காணப்பட்டது.'

உண்மைதான். கட்டிலுக்குக் கட்டில் முக்காலி கிடக்கும். ஊட்டுகிற ஆயா, தலைவாருகிற ஆயா, சும்மா கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆயா என்று எல்லாரும் அதில்தான். தூரத்திலிருந்து பார்த்தால் வராத ரயிலுக்குக் காத்திருக்கிற கூட்டம் மாதிரி இருக்கும். முக்காலிகளையெல்லாம் அள்ளித் தோட்டத்துக் கொட்டகையில் போட்டுப் பூட்டச் சொன்னேன். கூடம் பளிச்சென்று ஆகிவிட்டது.

பெரியக்கா மட்டும் என் அறைக்கு வந்தாள். ஆயாக்களில் மூத்தவள். அவளைவிட இருபது வயது பெரியவர்கள்கூட அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மேடம், முட்டி ரெண்டும் தெறிக்குது. ஊட்டுற நேரத்துக்காவது ஒண்ணே ஒண்ணைக் குடுங்க."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான், பெரியக்கா."

"தபால்காரருக்கு மட்டுமாவது."

தபால்காரர் கடைசி அறையில் இருந்தவர். ஊரெல்லாம் சைக்கிளில் சுற்றியவர், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. விழுங்குவது மெதுவாகத்தான் நடக்கும். அவருக்கும் பெரியக்காவுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஸ்பூன் வாயருகில் வந்ததும், "யாருக்குத் தபால்?" என்பார், குழறலாக. "உங்களுக்குத்தான், ரிஜிஸ்டர் தபால். வாயைத் திறந்து வாங்கிக்கோங்க" என்பாள். இப்படி ஒவ்வொரு வாய்க்கும். கிண்ணம் காலியாவதற்குள் பக்கத்துக் கட்டிலில் மதியத் தூக்கமே முடிந்துவிடும்.

இப்படிப்பட்டவர்களுக்கு உட்கார்ந்து, முகத்துக்கு நேராகக் கையை வைத்து ஊட்ட வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் அண்ணாந்து வாங்குவார்கள். அண்ணாந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். இது எனக்குத் தெரியாததல்ல. ஊழியர் பயிற்சி வகுப்பில் நானே படம் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் பயிற்சி வகுப்புக்கு மார்க் தனி, முக்காலிக்கு மார்க் தனி.

"நின்னுக்கிட்டே குடுங்க. பழகிடும்" என்றேன்.

தபால்காரர் பழகிக்கொள்ளத்தான் பார்த்தார். முதல் நாள் அவள் நின்று ஊட்டியபோது அண்ணாந்து, "என்ன பெரியக்கா, தபால் மாடியிலேருந்து வருது?" என்று கேட்டாராம். ஆயாக்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்கப்புறம் சாப்பாட்டு வேளையில் அந்த அறையிலிருந்து இருமல் கேட்க ஆரம்பித்தது. 'உணவு வேளையில் சூழல் அமைதியாக இருந்தது' என்பதற்கும் மார்க் உண்டு. கதவைச் சாத்திவைக்கச் சொன்னேன். ரப்பர் பட்டை நன்றாகவே வேலை செய்தது.

மதிப்பீட்டு நாளன்று எல்லாம் ஒழுங்காகவே போனது. மதிப்பீட்டாளர் அம்மா எலுமிச்சை வாசனையை ஆழமாக இழுத்து, "வீடு மாதிரியே இருக்கு" என்றார். கூடத்தில் ஆயாக்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசி அறைக் கதவைத் திறந்தேன்.

பெரியக்கா பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் முகமும் தபால்காரர் முகமும் நேருக்கு நேர். கையில் ஸ்பூன், பாலில் ஊறிய ரொட்டி. இரண்டு பேரும் ஏதோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மதிப்பீட்டாளரின் புருவம் ஏறியது. ஒரு வருஷ உழைப்பு ஒரு பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

"எழுந்திருங்க, பெரியக்கா" என்றேன். குரலை உயர்த்தவில்லை.

எழுந்துவிட்டாள். யோசிக்காமல் எழுந்திருப்பது அவள் உடம்பில் ஊறியது. ஸ்பூனும் அவளோடு மேலே போனது. அதன் பின்னாலேயே தபால்காரரின் முகமும் போனது, வாயைத் திறந்துகொண்டு. அவள் பார்வை என்மேல் இருந்தது, கை தன்பாட்டுக்கு ஊட்டிவிட்டது. அப்புறம் ஒரு சத்தம். இருமல் என்று சொல்ல முடியாது. இருமுவதற்குக் காற்று வேண்டும்.

"அடுத்தது தோட்டம் பார்க்கலாமா மேடம்?" என்று கேட்டேன். கதவை நானே சாத்தினேன்.

தோட்டத்தில் ரோஜாப் பதியன்களைக் காட்டிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது. "யாராவது வாங்களேன்!" கொஞ்சம் விட்டு, வேறு மாதிரி. "பாப்பா! பாப்பா, ஓடி வா பாப்பா!"

மதிப்பீட்டாளர் திரும்பினார். "யாரைக் கூப்பிடுறாங்க?"

"இங்க எல்லாரையும் அப்படித்தான் மேடம் கூப்பிடுவாங்க. வீட்டுச் சூழல்."

அவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியக்கா என் அம்மா. இந்த வேலையை அவளுக்கு வாங்கிக்கொடுத்ததே நான்தான். சேர்ந்த அன்றைக்கு அவளாகவே சொன்னாள்: "அங்க என்னை அம்மான்னு கூப்பிடாதே. உனக்குத்தான் கௌரவக் குறைச்சல்." அவள் பேச்சை நான் மீறியதில்லை. அன்றைக்கு மீறியது அவள்தான்.

நான் போயிருக்கலாம் என்பீர்கள். தோட்டத்திலிருந்து கடைசி அறை எட்டிப்பிடிக்கிற தூரம். முதுகில் எப்படித் தட்டுவது, குனியவைத்து எப்படி எடுப்பது எல்லாம் எனக்குத் தெரியும். அதற்கும் படம் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் நான் ஓடினால் மதிப்பீட்டாளரும் பின்னாலேயே வந்திருப்பார். ரோஜாவுக்கு அப்புறம் துளசி காட்டினேன். துளசியில் அவர் ஒரு இலை கிள்ளிக்கொண்டார். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன் என்று சொல்லலாம். நினைக்கவில்லை.

எங்களுக்கு முதல் தரம் கிடைத்தது. போகும்போது மதிப்பீட்டாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி ஆள்தான் எங்க வாரியத்துக்கு வேணும்" என்றார். வெறும் வாய்வார்த்தை இல்லை. அடுத்த வாரமே அழைத்தார்கள். தபால்காரரின் மகன் புகார் கொடுத்திராவிட்டால் இதற்குள் சேர்ந்திருப்பேன். அப்பா இருந்தவரை ஒரு வரி எழுதாத மகன், செத்ததும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டான்.

விசாரணைத் தலைவரும் வாரியத்துக்காரர்தான், நிதானமானவர். "தப்பு யார்மேலம்மா?" என்று கேட்டார்.

"ஊட்டினவங்கமேல சார். பாதுகாப்பு முறைப்படி ஊட்டல."

"அந்த அம்மா உங்களுக்குச் சொந்தம்னு சொல்றாங்களே?"

"அம்மா சார்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். மற்ற இரண்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். "அப்போ பெத்த தாய்மேல தப்புன்னா சொல்றீங்க?"

"தப்பு யார்மேலங்கிறது முதல் கேள்வி சார். சொந்தம் ரெண்டாவது கேள்வி. ரெண்டுக்கும் பதில் சொல்லிட்டேன்."

"உட்கார்றதுக்கு அங்க ஒண்ணுமே இல்லியா?"

"முக்காலி இருந்துச்சு. நான்தான் எடுத்தேன். போன வருஷ மதிப்பீட்டுல உட்காரக் கூடாதுன்னு ஒரு வரி இருந்துச்சு. கீழே உங்க கையெழுத்துதான் சார்."

படித்தவர்கள், எனக்கு முன்னால் நாலு தலைமுறை நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், எப்படி வாயடைத்துப் போவார்கள் என்று அப்போது பார்த்தேன். நன்றாக இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முக்காலி பேச்சு இதுல வேணாம்மா" என்றார். "வாரியத்துல எப்போ சேர்றீங்க?"

"திங்கட்கிழமை சார்."

வாக்குமூலத்தை நகர்த்தினார், கையெழுத்துப் போட்டேன். உள்ளே வரும்போதே முடிவு செய்திருந்ததுதான். அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. வேலையை விடு என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், கேட்கவில்லை. இனிமேல் வீட்டில் உட்காரலாம். அவளை உட்காரவைத்தது நான்தான் என்று ஒருநாள் அவளுக்கே புரியும்.

நான் எழுந்ததும் பியூன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வெளியே நடையில் அம்மா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து, காதோடு கேட்டாள்: "உன்னை உட்காரச் சொன்னாங்களா பாப்பா?"

"நானே கேட்டு வாங்கினேன்."

"அடிப்பாவி" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பெருமை இருந்தது. பிறகு சிரிப்பு நின்றது. "பாவம்டி அந்த மனுஷன். நான் எழுந்திரிச்சிருக்கக் கூடாது."

"ஆமா" என்றேன்.

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

"போம்மா. நாற்காலி மட்டும் கேட்டுடாதே. சீக்கிரம் முடிஞ்சிடும்."

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நான் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் கேட்டாலும் அம்மா நன்றாக நிற்பாள். பயிற்சி கொடுத்தவள் நான்தானே.