பேரிக்காய் வாசனை

தேய்க்காத பொண்ணே. மணிக்கட்டோட மணிக்கட்டைப் போட்டுத் தேய்க்கிறியே, யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு? பூவைக் கசக்கி மோந்தா பூ வாசமா வரும்? கையை அப்படியே காத்துல காட்டு. தானா காயட்டும்.

சுத்தியல் எங்கயும் ஓடிப் போகாது, உக்காரு. நீ படுக்கத் தூளி கட்டச் சுவத்துல கொக்கி அடிக்கணும், அவ்வளவுதானே? மழை வந்து ஓயட்டும், அப்புறம் அடிச்சுக்க. எதிர்வீட்டுக்காரி முதல்முதலா வந்திருக்க, ஒரு காபி குடிக்காம அனுப்பிட்டேன்னா இந்தச் சந்துல என்னை வெச்சு வாங்கிடுவாங்க. பேரு என்ன சொன்ன? ரயானி. சாந்தரேம்லேர்ந்து வர்றியா. நல்லது, ஆத்தங்கரைக்காரிதான். பேசிப் புரிய வைக்கலாம்.

இப்ப மோந்து பாரு. மூக்கைக் கொண்டுபோய் ஒட்டாத, கொஞ்சம் தள்ளிப் புடி. என்ன வருது? ஆப்பிளா? பக்கத்துல வந்துட்ட. பேரிக்காய். நம்ம பக்கம் விளையாத பழம், தெற்கேர்ந்து பெட்டியில வரும், அதனால சட்டுனு பேரு வாயில வராது. ஆனா இது ரொம்ப நேரம் நிக்காது. நீ செருப்பை மாட்டிட்டு முக்கு திரும்புறதுக்குள்ள போயிடும். அப்புறம் பூ வரும், மல்லி மாதிரி, ஆனா மல்லி அளவுக்கு அழுத்தம் இல்ல. அதுவும் போனப்புறம் அடியில துவைச்சுக் காயவெச்ச துணி வாசம் கொஞ்சம். பழம், பூ, துணி. யார் போட்டாலும் இதே வரிசைதான், மாறவே மாறாது. நான் இத்தனை வருஷமா வீடுவீடாப் போய் சென்ட்டு விக்கிறேன், எனக்குத் தெரியாதா.

நீ போட்டுட்டு வந்திருக்கியே, வனிலாதானே அது? கோவிச்சுக்காத, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். குளுரு ஊர்ல போட வேண்டியது அது. நம்ம பெலேம் ஊர்ப் புழுக்கத்துல அதைப் போட்டுட்டு பஸ்ல ஏறினா, பக்கத்துல நிக்கிறவன் யாரோ கேக்கு மேல உக்காந்துட்டாங்கன்னு நினைப்பான். இந்த ஊருக்கு லேசா இருக்கணும். பழமும் பூவுமா, வந்த சுவடு தெரியாம போயிடணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிக்கிற? மூணு தடவையா? அப்ப ஒவ்வொரு தடவையும் புதுசாப் போட்டுக்கலாமே, அதுல என்ன கஷ்டம். படுக்கப் போறப்பவும் போடணும். ராத்திரி யாரு மோந்து பாக்கப் போறான்னு கேக்காத. தலகாணி இருக்குல்ல.

கவனிச்சுட்டியா. மூக்கு இருக்கு உனக்கு. ஆமா, சந்து முழுக்க இதே சென்ட்டுதான். முக்குல தகாகா சூப்பு விக்கிறாளே ஸுயிலா, அவளும் இதான் போடுறா. சூப்புச் சட்டி ஆவியோட பேரிக்காயும் சேந்து அடிக்கும், ஜனங்க ஒண்ணும் சொல்லாம குடிச்சுட்டுப் போறாங்க. முடி வெட்டுற ஜெசியேல் முதல்ல முறுக்கிக்கிட்டான், அக்கா நான் ஆம்பளை, எனக்கு எதுக்குப் பொம்பளை சென்ட்டுன்னான். ஒரு வாரம் போட்டுப் பாருடா, பிடிக்கலைன்னா என் மூஞ்சியில வீசுன்னேன். இப்ப அவன் கடையில உக்கார இடம் கிடைக்க மாட்டேங்குது.

கேட்லாக்ல வேற இல்லாம என்ன, பக்கம் பக்கமா இருக்கு. நான் காட்ட மாட்டேன். எனக்கு மேல இருக்கிற கம்பெனிக்காரி வந்து, ஏன்டி இதையே ஆர்டர் போடுற, புதுசா வந்ததை ஒண்ணு கூட விக்க மாட்டியான்னு கத்திட்டுப் போனா. என் சனங்களுக்கு இதான் பிடிக்குதுன்னு சொல்லிட்டேன். வாயுள்ள புள்ள பொழைக்கும். காசா? காசைப் பத்தி இப்ப யாரு பேசினா. முதல் பாட்டில் என் கணக்கு.

எந்தப் போட்டோ? ஓ, அதுவா. லுசிமார். என் பொண்ணு. ஒரே பொண்ணு. அழகா இருந்தாங்கன்னு சொல்லாத. அழகா இருக்கான்னு சொல்லு. ஆமா, இருக்கா.

அவதான் இந்த சென்ட்டைக் கண்டுபுடிச்சவ. கேட்லாக்ல ஒரு பக்கத்தைச் சுரண்டினா வாசம் வரும் பாரு, அதைச் சுரண்டிச் சுரண்டி ஓட்டையே போட்டுட்டா. பேரிக்காயைத் தின்னதே கிடையாது அவ, மோந்தே மயங்கிட்டா. அவ பொறந்தநாளுக்குச் சந்தையில ஒரு பேரிக்காய் வாங்கிட்டு வந்து குடுத்தேன். கடிச்சுப் பாத்துட்டு, போம்மா, சென்ட்டு அளவுக்கு இது இல்லன்னுட்டா. அப்படி ஒரு திமிரு.

பிரேவ்ஸ் ஊர்ல அவ சிநேகிதி குழந்தைக்கு ஞானஸ்நானம். படகு ஏறிப் போனா. அந்தப் படகு பாதி வழியில கவுந்துடுச்சு. நீயும் கேள்விப்பட்டிருப்ப. கொஞ்சம் பேரை உசுரோட எடுத்தாங்க, கொஞ்சம் பேரை அப்படியில்ல. இவளை எப்படியும் எடுக்கல. படகு கிளம்புறதுக்கு முன்னாடி குப்புவாசுப் பழ மிட்டாய் வாங்கன்னு கரைக்கு இறங்கினா, திரும்ப ஏறினதை நான் பாக்கலன்னு மிட்டாய்க்காரன் சொல்றான். படகுல தூளி கட்டிப் படுத்திருந்தா, என் தூளிக்குப் பக்கத்துலதான்னு தப்பிச்சு வந்த ஒருத்தி சொல்றா. நீ யாரை நம்புவ? நான் மிட்டாய்க்காரனை நம்பினேன். இன்னைக்கும் அவனைத்தான் நம்புறேன். வாரத்துக்கு ஒரு தடவை போய் அவன்கிட்ட மிட்டாய் வாங்குவேன், எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கு, இருந்தும் வாங்குவேன்.

அப்ப ஏன் இன்னும் வரலைன்னு கேக்க வாயெடுக்கிற. கேக்காத. எல்லாரும் கேட்டாச்சு. பொண்ணுங்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். எவனையாவது புடிச்சுப் போயிருக்கலாம். என் மேல கோவமா இருக்கலாம். இருந்துட்டுப் போகட்டும். எங்கயோ ஒரு ஊர்ல குளிச்சுட்டு, சென்ட்டைப் போட்டுக்கிட்டு, என்னைத் திட்டிக்கிட்டு இருந்தாப் போதும் எனக்கு.

காபி ஆறுது, குடி. கையைக் காட்டு. ம், பூவுக்கு வந்துடுச்சு. உன் தோலுக்கு நல்லா இருக்கு. மூக்கு மந்தமான மாதிரி தெரிஞ்சா உன் முழங்கை மடிப்பை மோந்துக்க, திரும்பத் தெளியும். கடையில காபிக்கொட்டை குடுப்பாங்க. அதெல்லாம் பந்தா. அவங்கவங்க தோல் வாசத்தை விடத் தெளிவு எதுல இருக்கு.

பாதிரியார் ஏழாம் நாள் பூசை வைக்கணும்னு வந்து நின்னார். யாருக்கு சாமின்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுட்டுப் போயிட்டார், நல்ல மனுஷன். ஊரே வெள்ளை உடுத்திட்டு வரத் தயாரா இருந்துச்சு, நான் வைக்கல. இன்னைக்கு வரைக்கும் வைக்கல. பின்தெரு ஒடேச்சி இருக்காளே, எல்லாம் தெரிஞ்சவ, அவ வந்து சொன்னா. அவளுக்குப் புடிச்ச சென்ட்டை ஆத்துல ஊத்தி, கூட வெள்ளைப்பூ போடு, அப்பதான் அவ அடங்குவா, இல்லாட்டி வாசமா வீட்டுக்கு வருவா, செத்தவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க மூக்குக்குத்தான் தெரிவாங்கன்னா. என் வீட்டுல உக்காந்து என் காபியைக் குடிச்சுட்டு என் பொண்ணைச் செத்தவங்குறா. அவ குடிச்ச டம்ளரைத் தூக்கிப் போட்டுட்டேன்.

உங்க சாந்தரேம்லயும் அப்படித்தான் சொல்வாங்களா? ம். சரி.

அதுக்கப்புறம் ஒரு நாள் சாயங்காலம், மழைக்கு முன்னாடி ஒரு காத்து வருமே, அப்ப இந்த ஜன்னல்கிட்ட உக்காந்து மீன் கழுவிட்டு இருந்தேன். மீன் கவுச்சியை மீறி இது வந்துச்சு. கை அப்படியே நின்னுடுச்சு. அவ பாட்டில் அப்பவே காலி, துணியெல்லாம் எத்தனையோ தடவை மோந்து மோந்து ஒண்ணும் மிச்சமில்லாம பண்ணிட்டேன். வீட்டுக்குள்ள இருந்து வர வழியே இல்ல. அப்ப எதிர்வீட்டு ஜன்னல்ல ஜுசாரா தலையை நீட்டினா. ஈரத் தலை. டோனா தேவுசான்னு என்னைக் கூப்பிட்டு, எனக்கும் மீன் உண்டான்னு கேக்குறா. நீ என்ன சென்ட்டுடி போட்டிருக்கன்னேன். உங்க பொண்ணு போடுறதுதான், எனக்கும் ஆசையா இருந்துச்சு, வாங்கிட்டேன்னா. நான் சிரிச்சேன் பாரு, அவ பயந்துட்டா. மீன் முழுசையும் அவகிட்டயே குடுத்துட்டேன்.

நீ இப்ப இருக்கிற வீட்டுலதான் இருந்தா. நல்ல பொண்ணு. தினம் அந்த நேரத்துக்குக் குளிப்பா, தினம் வாசம் வரும், நானும் ஜுசாரா குளிச்சுட்டான்னு சொல்லிக்குவேன். வாய் விட்டுச் சொல்லுவேன். ஒரு நாள் அவ இங்கயே, நீ உக்காந்திருக்கிற நாற்காலியில, குளிக்காம கொள்ளாம உக்காந்து பேசிட்டு இருக்கா, வாசம் வருது. அன்னைக்குத்தான் ஸுயிலாவுக்கு ஒரு பாட்டில் குடுத்தேன். அப்புறம் வந்தப்ப, ஸுயிலா போறா போலன்னு சொல்லிக்க முடிஞ்சுது. இன்னொரு நாள் ரெண்டு பேரும் ஊர்ல இல்ல. ஜெசியேலுக்குக் குடுத்தேன். இப்படித்தான் ஆச்சு.

ஜுசாரா கல்யாணம் ஆகி மகாப்பா ஊருக்குப் போயிட்டா. வீடு பூட்டிக் கிடந்துச்சு, சாவி என்கிட்ட. பெருவிழா அன்னைக்கு, மாதா ஊர்வலத்துக்குச் சந்தே கிளம்பிப் போயிடுச்சு. எனக்குக் கால் வலி, போகல. ஒரு நாய் கூட இல்ல தெருவுல. அப்ப வந்துச்சு.

சாவியை எடுத்துட்டுப் போய்த் திறந்தேன். கால் எப்படி நடந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஒண்ணுமில்ல உள்ள. தரையில தூசி, தூசியில என் கால்தடம் மட்டும்தான். ஜன்னல்கிட்ட போய் நின்னேன். அங்கதான் இருந்துச்சு. பழைய வாசமா இருந்தா நான் கண்டுபுடிச்சிருப்பேன் பொண்ணே, சுவத்துல ஒட்டினதுன்னா துணி வாசம்தான் மிஞ்சியிருக்கும். பூ கூட இல்ல. பேரிக்காய். பச்சையா, பேரிக்காய். அந்த நிமிஷம் போட்ட மாதிரி.

பூட்டிட்டு வந்துட்டேன். மறுநாளே வீட்டுக்காரனைப் புடிச்சு வாடகையைக் குறைடா, சீக்கிரம் ஆள் வைன்னேன். பொம்பளையா வை, சின்ன வயசா வைன்னேன். வாடகை இவ்வளவு கம்மியா இருக்கேன்னு ஆச்சரியப்பட்டிருப்ப. என்னாலதான்.

எழுந்திருக்காத. உன் வீட்டுல ஒண்ணும் இல்ல. பயப்பட ஒண்ணும் இல்ல, நான் பயந்தா இங்க இருப்பேனா? அவளைப் பாத்து எனக்கென்ன பயம், என் வயித்துல பொறந்தவ. வந்தா வாரி எடுத்துக்க மாட்டேனா. ஆனா அப்படி வந்தா, ஒடேச்சி சொன்னது சரின்னு ஆயிடும். மிட்டாய்க்காரன் பொய் சொன்னான்னு ஆயிடும். நான் பாதிரியார்கிட்டப் போய் நிக்கணும். வாசத்துக்கு உசுரோட ஒரு ஆள் சொந்தமா இருந்துட்டா இந்தத் தொல்லை எதுவும் இல்ல. அதுக்குத்தான் வீடுவீடாக் குடுக்கிறேன். வேற ஒண்ணும் பெருசா இல்ல.

மழை வருது பாரு, காத்து திரும்பிடுச்சு. உன் கையில இப்ப துணி வாசத்துக்கு வந்திருக்கணுமே. மோந்து பாரு. வந்துடுச்சா. ம்.

அப்ப இது என்ன?

ஜன்னல் பக்கம் ஏன் பாக்குற? உனக்கும் வருதா? அங்க பாக்காத. அங்க யாரும் இல்ல, நீதானே குடியிருக்க, நீ இங்க இருக்க. உன் கையைப் பாரு. உன் கையிலேர்ந்துதான் பேரிக்காய் வருதுன்னு சொல்லு பொண்ணே. இந்த ஒரு தடவை சொல்லிடு. சொல்லிட்டு சுத்தியலை எடுத்துட்டுப் போ.