பத்தாவது ஃபெயில்

வல்லக்கோட்டையில் பஸ் ஏறிய தாயும் மகனும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"எம்மா, யாரு கேட்டாலும் நான் பத்தாவது ஃபெயிலுன்னு சொல்லு," என்றான் மகன்.

"பி.இ. முடிச்ச புள்ளைய எப்டிடா அப்டிச் சொல்றது?"

"இன்ஜினியர்னு தெரிஞ்சா, வேற வேலை கெடைச்சதும் ஓடிருவான்னு ஹெல்ப்பரா சேக்க மாட்டாங்கம்மா. ரெண்டு வருசமா அலைஞ்சி இப்பதான் கெடைச்சிகீது. டிரைவருக்குப் பின்னால ஒக்காந்துகினு கீறாரே, அவருதான் கம்பெனி சூப்பர்வைசர்."

அதற்குள் அவர்கள் ஊர்க்காரரான கண்டக்டர் வந்துவிட்டார். "இன்னா இன்ஜினியரே, எங்க பயணம்?"

சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

"இவனா இன்ஜினியரு? கிண்டல் பண்ணாதப்பா," என்று அம்மா பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னாள். "பத்தாவதையே மூணு தபா எழுதிக் கோட்டை வுட்டவன்!"

சூப்பர்வைசர் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். மகன் அம்மாவின் காதருகே குனிந்தான்.

"ஒரு தபாவே போதும்மா."