அலமாரிக்காரனின் குரல்

தேநீர் ஆறினால் எனக்குப் பிடிக்காது. குடித்துக்கொண்டே சொல்கிறேன், சார்.

நீங்கள் அந்த வீடியோ கேமை ஆடியிருக்க மாட்டீர்கள். ஆடியவர்களுக்கும் அது புரியவில்லை. புரிந்ததுபோல் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தலை இருக்கவேண்டிய இடத்தில் கெண்டி இருக்கும் ஒரு பெண், தொலைந்த தன் நிழலைத் தேடிப் போவாள். மழை தரையிலிருந்து மேலே பெய்யும். சண்டைக்குக் கத்தி கிடையாது. எதிரியும் அவளும் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். முதலில் மன்னிப்புக் கேட்பவர் தோற்பார். இந்தக் கூத்தை உருவாக்குவதற்காக என் அக்கா புருஷன் இருந்த வேலையை விட்டார். வீடு அக்கா சம்பளத்தில் ஓடியது. நான் ஒரு கிடங்கில் இரவுக் காவல். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு அதுவே அதிகம் என்பார் மச்சான், சிரித்துக்கொண்டேதான்.

பகலில் தூங்கியது போக, நான் அவருக்குக் கையாள். ஆடிப் பார்த்துக் குறை சொல்வேன், குரல் பதிவு செய்வேன். பதிவறைக்கு எங்கே போவது? துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே பழைய கம்பளிகளை அடித்து, மைக்கைத் தொங்கவிட்டிருந்தோம். கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் வெளியே ஒரு கொக்கி. ஒருவர் உள்ளே பேசினால், இன்னொருவர் வெளியே கொக்கி போட்டுவிட்டு ஹெட்போனில் கேட்க வேண்டும். வெளியே இருப்பவன் எப்போதும் நான்.

ஒருநாள் புதிதாக ஒரு கதாபாத்திரத்தைக் காட்டினார். அலமாரிக்குள் குடியிருப்பவன். பகலெல்லாம் தூங்குவான், ஊரையே இளக்காரம் செய்வான், அடுத்தவர் நிழலைத் தின்று வாழ்வான். கெண்டிப் பெண் கேட்பாள்: "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"எல்லாத்தையும் பாதியில விடற வேலை."

அது நான் சாப்பாட்டு மேசையில் சொன்னது. ஒரு வார்த்தை மாறவில்லை.

"என்ன மாப்ள, நம்மாளு எப்படி இருக்கான்?"

"யாரைப் பாத்துச் செஞ்சீங்க?"

"யாரைப் பாத்தா உனக்கென்ன? நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. நகைச்சுவை மட்டம், அவ்வளவுதான்.

கதைப்படி அவனை அலமாரியிலேயே பூட்டிவிடுவார்கள். தட்டித் தட்டி ஓய்வான். அந்தக் குரலை மச்சானே கொடுத்தார். அக்கா வேலைக்குப் போயிருந்தாள்.

"நிஜமா வரணும் மாப்ள. எவ்வளவு கத்தினாலும் திறக்காத. 'போதும்'னு சொன்னா மட்டும் திற."

அவருக்கு ஆஸ்துமா. கம்பளித் தூசி ஆகாது. இன்ஹேலரை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் பார்த்தேன். எடுத்துத் தரச் சொல்லி அவர் கேட்கவில்லை.

ஆரம்பத்தில் நடிப்பு சுமார். போகப் போக நன்றாக வந்தது. "போதும் மாப்ள" என்றார். இன்னொரு முறை சொன்னார். "டேய், விளையாடாத... மூச்சு முட்டுது." பிறகு நகத்தால் பலகையைப் பிறாண்டினார். ஒலி அளவு சிவப்பைத் தொட்டது, குறைத்து வைத்தேன். கடைசியில், "மன்னிச்சிரு மாப்ள. அவனை எடுத்துடறேன்" என்றார்.

முதலில் மன்னிப்புக் கேட்டவர் தோற்றார். விதியை எழுதியது நானல்ல.

ஓசை அடங்கிய பிறகு பதிவைச் சேமித்தேன். கொக்கியை எடுத்து, இன்ஹேலரை அவர் கையில் வைத்தேன். அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. நான் பகலில் தூங்குகிறவன் என்பதுதான் உலகத்துக்கே தெரியுமே.

மிச்ச வேலையை நானே முடித்தேன். 'போதும்' எல்லாவற்றையும் வெட்டினேன், மன்னிப்பையும். தட்டுவதையும் மூச்சையும் வைத்துக்கொண்டேன். கேம் வெளிவந்தது. அந்த இடத்தில் அழுதேன் என்று ஆயிரம் பேர் எழுதினார்கள். உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார் என்று ஒரு மேதாவி எழுதியிருந்தான். வாய்விட்டுச் சிரித்தேன்.

வெட்டாத பதிவைக் கேமின் கோப்புறையிலேயே விட்டுவிட்டேன். அதுதான் தவறு. வேலைவெட்டி இல்லாத யாரோ ஒருவன் குடைந்து எடுத்து இணையத்தில் போட்டுவிட்டான். அக்கா கேட்டாள். முழுவதும் கேட்டாளாம். பிறகு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"வெளியதானடா இருந்த?"

"ஆமா" என்றேன். பொய் சொல்ல அலுப்பாக இருந்தது.

கொக்கியை எடுக்காமல் நின்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் அவமானம் தாங்காமல் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை அடித்துவிடுங்கள், சார். எனக்கென்ன அவமானம்? அந்த அலமாரிக்காரன் நான் இல்லை.