கிளிஃப் ரெயின் தட்டிய சுவர்

எங்கள் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்தது. கரி வெட்டுகிறவனுக்கு அதற்குமேல் தடிமன் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டில் டீயில் சர்க்கரை கலக்கினால் கரண்டிச் சத்தம் இங்கே கேட்கும். அதனால்தான், காது கொஞ்சம் மந்தமோ என்று நீ கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது, கண்ணு. போலீஸ்காரியாக இருந்தாலும் நல்ல எண்ணத்தில்தான் கேட்டாய். ஆனால் என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. கிளிஃப் ரெயின் சுவரைத் தட்டியது எனக்குக் கேட்டது. முதல் தட்டிலிருந்தே கேட்டது.

டீயைக் குடி, ஆறிவிடப் போகிறது. பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நீ முறையாகக் கேட்டாய், நான் முறையாகச் சொல்கிறேன்.

நீ பிறக்கும் முன்பே வின்லோ சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே பார்சல் அனுப்பும் கிடங்கு இருக்கிறது. சுரங்கக் கழிவு கொட்டிய மலையில் புல் முளைத்து ஆடு மேய்கிறது. அதைப் பார்த்துவிட்டு இது ஏதோ சாதாரண ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. எண்பத்து நாலில், சுரங்கங்களை மூடக் கூடாது என்று நாடு முழுக்க வேலைநிறுத்தம் நடந்தபோது, இந்த ஊரில் ஒருவன்கூட மாதக்கணக்கில் வேலைக்கு இறங்கவில்லை. கரிக்கு மேலேயே உட்கார்ந்திருந்தோம், அடுப்பில் போட ஒரு கட்டி கிடையாது. வேலியைப் பிடுங்கி எரித்தோம். பழைய செருப்பை எரித்தோம். தொழிலாளர் மன்றத்துச் சமையலறையை நடத்தியது நான். மதியம் எல்லோருக்கும் சூப். வாரம் ஒருமுறை வீட்டுக்கு ஒரு உணவுப் பொட்டலம்: உருளைக்கிழங்கு, டின்னில் அடைத்த பீன்ஸ், டீத்தூள், பால்பவுடர். யாருக்கு எது என்று முடிவு செய்வது என் பொறுப்பு. யாராவது ஒருத்தர் முடிவு செய்யத்தானே வேண்டும்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கிளிஃப், அவன் மனைவி ஐவி, மகள் ட்ரேசி. இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரர் நார்மனும். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நார்மன் ஐவியை நடனத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஐவி அழகி. கந்தலைக் கட்டினாலும் அவளுக்கு எடுப்பாக இருக்கும். மன்றத்துக்குள் அவள் நுழைந்தால் சூப் குடிக்கிற ஆண்களின் கரண்டி ஒரு நிமிஷம் நிற்கும். நார்மனுடையதும் நிற்கும். மனிதர்கள் அப்படித்தான்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அவள் வரிசையில் கடைசி ஆளாக வந்தாள்.

"டோரீன், பொட்டலம் இருக்கா? ட்ரேசிக்கு மார்ச்சளி. பால்பவுடர் மட்டும் இருந்தாக்கூடப் போதும்."

"தீர்ந்துடுச்சும்மா. அடுத்த வாரம் வா."

அடுத்த வாரமும் தீர்ந்திருந்தது. அதற்கு அடுத்த வாரமும். அவளுடைய அம்மா பக்கத்து ஊரில் கடை வைத்திருந்தாள். அங்கிருந்து வந்துவிடும் என்று நினைத்தேன். அந்தக் கடை கோடையிலேயே மூடிவிட்டது என்று யாரோ சொன்ன ஞாபகமும் இருக்கிறது. ஐவி சண்டை போடவில்லை, கமிட்டியிடம் முறையிடவும் இல்லை. அவளுக்கு அவ்வளவு கர்வம். வெறுங்கையோடு தலையை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே போனாள்.

நவம்பரில் கிளிஃப் வேலைக்குப் போனான். ஜன்னலெல்லாம் கம்பிவலை அடித்த பஸ்ஸில், இரண்டு பக்கமும் போலீஸ் நிற்க, சட்டைக் காலரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு போனான். வேலைநிறுத்தத்தை உடைத்த வின்லோவின் முதல் கருங்காலி. நாங்கள் பெண்கள் சாலையோரம் நின்றிருந்தோம். நான்தான் முதலில் அந்த வார்த்தையைச் சொன்னேன். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று மாலை மன்றத்தில் முடிவானது. அவனோடு யாரும் பேசக் கூடாது. அவன் வீட்டாரோடும் பேசக் கூடாது. சாகும்வரை. யாரும் இதைக் காகிதத்தில் எழுதவில்லை, எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவன் கதவில் பெயிண்டால் ஒரு சொல்லை எழுதினார்கள், அது வேறு.

வேலைநிறுத்தம் தோற்றது. கொடி பிடித்து, பேண்டு வாசித்து, எல்லோரும் சுரங்கத்துக்குத் திரும்பினார்கள். கொஞ்ச நாளில் சுரங்கத்தையே மூடினார்கள். ஆனால் வேலை போனாலும் கருங்காலி கருங்காலிதான். கடையில் ஐவி வரிசைக்கு வந்தால் முன்னால் நிற்பவளும் பின்னால் நிற்பவளும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் ட்ரேசி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. காய்கறிக் கண்காட்சிக்காகக் கிளிஃப் ஒரு வருஷம் முழுக்கத் தோட்டத்தில் வளர்த்த, பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக் தண்டுகளை யாரோ கத்தியால் கீறி வைத்தார்கள். யார் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐவி இரண்டு குளிர்காலம் தாங்கினாள். பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கார்பியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயே செத்தும் போனாள். கிளிஃப் மட்டும் எங்கேயும் போகவில்லை. பிறந்த ஊர் என்றான். யாரிடம் சொன்னான் என்று கேட்காதே. வாசலில் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

மற்றவர்கள் வருஷம் ஆக ஆக இளகினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாராவது ஒருவன் பார்த்துத் தலையாட்டுவான். கடைக்காரி "குளிர் ஜாஸ்தி" என்பாள். அப்போதெல்லாம் நான் ஞாபகப்படுத்துவேன். ஊருக்கு ஒருத்தர் வேண்டியிருக்கிறது, ஞாபகப்படுத்த.

நார்மனுக்குக் கரித்தூசி நுரையீரலில் ஏறிவிட்டது. கிளிஃபுக்கும்தான். இவர் இந்தப் பக்கம் இருமுவார், அவன் அந்தப் பக்கம் இருமுவான். பேச்சு இல்லாமல் இருமல் மட்டும் பேசிக்கொண்டது. கடைசி வாரத்தில் நார்மன் என் கையைப் பிடித்தார்.

"புள்ள, கிளிஃபக் கூப்பிடு. ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடுறேன்."

நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். கொல்லையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

"வர மாட்டேங்கிறான். உங்க மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்னு சொல்லிட்டான்."

நார்மன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு என்னோடும் அதிகம் பேசவில்லை. இதைப் பொய் என்று நீ எழுதிக்கொள்ளலாம். நான் மருந்து என்பேன். ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கக் காத்த கொள்கையைச் சாகும் நேரத்துப் பலவீனத்தில் விட்டுவிடக் கூடாது. மனைவி எதற்கு இருக்கிறாள்.

சரி, இந்த ஜனவரிக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மதியம். வெளியே பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. நான் இறைச்சி அடைத்துச் சுடுகிற ரொட்டிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கரி மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தரையை ஒட்டி, அடுப்புக் கிளறும் கம்பியால், மூன்று தட்டு. இடைவெளி. மறுபடி மூன்று.

"டோரீன். இடுப்பு போச்சு. எந்திரிக்க முடியல. ஆம்புலன்சுக்கு ஒரு போன் போடு."

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். இதை எழுதிக்கொள். எடுத்தேன். ஆம்புலன்சுக்கு மூன்று ஒன்பது, அதில் முதல் ஒன்பதை அழுத்தியும் விட்டேன்.

"நீ அங்கதான் இருக்கேன்னு தெரியும்," என்றான். மூச்சு வாங்கியது அவனுக்கு. "பேச வேணாம். போன் மட்டும் போடு. பழசை நான் மனசுல வச்சுக்கல, டோரீன். அன்னிக்கு மேசைக்கு அடியில பொட்டலம் இருந்ததை ஐவி பாத்துட்டா. இல்லேன்னு நீ சொன்ன ஒவ்வொரு வாட்டியும் பாத்தா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன். நார்மனுக்கு அவமானமாயிடும்னு. போகட்டும், விடு."

போகட்டும், விடு என்றான். ஒரு கருங்காலி என்னை மன்னித்தான்.

நான் போனைக் கீழே வைத்தேன். கோபத்தில் வைத்தேன் என்று நினைக்காதே, நிதானமாக யோசித்துத்தான் வைத்தேன். ஆஸ்பத்திரியில் படுத்தால் ஊரே பார்க்கப் போகும். இடுப்பு உடைந்த கிழவன் என்றால் எல்லோருக்கும் இரக்கம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, அப்படி என்னதான் நடந்தது கிளிஃப் என்று கேட்பார்கள். வலிக்கு மருந்து கொடுத்தால் மனிதன் எதையும் சொல்லிவிடுவான். அப்புறம் இந்த ஊர் இத்தனை காலம் காத்த கட்டுப்பாட்டுக்கு என்ன அர்த்தம்? ஐவியை வெறுத்தவர்கள், ட்ரேசியை ஒதுக்கியவர்கள், எல்லோரும் வயதானவர்கள். அவர்கள் மனசு உடைந்து போகும். நான் அவர்களையும் யோசிக்க வேண்டியிருந்தது.

ரேடியோவைப் போட்டேன். ரொட்டியை அடுப்பில் வைத்தேன். நன்றாகவே வந்தது.

மறுநாள் காலையில், தனியாக இருக்கும் கிழவனைப் பார்த்துக்கொள்ள நகராட்சி அனுப்பும் பெண் வந்தாள். கிளிஃப் யாருக்கும் சாவி கொடுப்பதில்லை. லீக் விவகாரத்திலிருந்தே அப்படி. அவள் அவன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு இங்கே வந்தாள்.

"ஆன்ட்டி, கிளிஃப் தாத்தா கதவைத் திறக்கல. எங்கயாவது போயிருக்காரா?"

"மக வந்து கூட்டிட்டுப் போயிட்டா, கார்பிக்கு. வர ஒரு வாரம் ஆகும்."

"அப்பாடா. இந்தக் குளிர்ல தனியா இருக்காரேன்னு பயந்துட்டேன்." திரும்பப் போனவள் நின்றாள். "அது என்ன சத்தம், உள்ளே?"

"தண்ணிக் குழாய். உறைஞ்சா இப்படித்தான் அடிச்சுக்கும்."

"எங்க வீட்லயும் அப்படித்தான்," என்று சிரித்தாள். நல்ல பெண். அவள் உன்னிடம் சொன்னதெல்லாம் உண்மை. அவளை ஒன்றும் செய்துவிடாதே.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. பேசாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். பன்றி இறைச்சியும் பட்டாணிக் களியும் நான்தான் செய்தேன். அவ்வளவு பேருக்குச் சமைக்கத் தெரிந்தவள் இங்கே வேறு யார் இருக்கிறார்கள். ட்ரேசி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். முகம் அப்படியே ஐவிதான்.

"பக்கத்துல நீங்களாவது இருந்தீங்களே ஆன்ட்டி. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்."

நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்த இடத்தில் வேறு என்ன செய்ய முடியும்?

அவன் விழுந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. நீ கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலைநிறுத்தத்துக்குப் பல வருஷம் முன்னால் சுரங்கத்தில் கூரை சரிந்து நார்மன் உள்ளே மாட்டிக்கொண்டார். மேலதிகாரி எல்லோரையும் பின்வாங்கச் சொல்லிவிட்டான். கிளிஃப் மட்டும் பாறையில் காதை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து மூன்று தட்டு கேட்டது. அவன் கல்லை எடுத்து ஒரே ஒரு தட்டு திருப்பித் தட்டினான். சுரங்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கேட்டுவிட்டது, வருகிறோம், மூச்சை வீணாக்காமல் படுத்திரு. பிறகு மண்வெட்டி நுழையாத இடத்தில் நகம் பிய்யத் தோண்டி நார்மனை வெளியே இழுத்தான். அந்த ஒரு தட்டு கேட்டதும் பயமெல்லாம் போய்விட்டது, தூக்கம்கூட வந்தது என்று நார்மன் சொல்வார்.

ஞாயிறு காலையில் சுவரில் தட்டல் ரொம்ப மெலிந்துவிட்டது. ஆனாலும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். கூப்பிடக் குரல் இல்லை. சர்ச்சுக்குப் போகிறவர்கள் தெருவில் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். யார் காதிலாவது விழுந்துவிடும். நான் மரக்கரண்டியை எடுத்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தேன். இந்த வயதில் முழங்காலில் உட்காருவது சுலபமில்லை. சுவரில் ஒரே ஒரு தட்டு தட்டினேன்.

அந்தப் பக்கம் கம்பி தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவன் அழுதான் என்று நினைக்கிறேன். "சரி, டோரீன். சரி," என்றான். அதற்குப் பிறகு அவன் தட்டவே இல்லை. அமைதியாகக் காத்துக்கொண்டிருந்தான். மறுநாள் மதியம்வரை மூச்சுச் சத்தம் வந்தது.

ஏன் தட்டினேன் என்று கேட்கிறாய். யாரோ வருகிறார்கள் என்ற நினைப்போடு போகட்டுமே என்றுதான். அதைக்கூடச் செய்யாமல் விட நான் என்ன கல்நெஞ்சக்காரியா, கண்ணு?