முகம் காட்டாத பெரட்டு

ஜீவராஜ்: ஒருத்தர் கூடவா மூஞ்சக் காட்டல?

சுலக்ஷனா: ஒருத்தரும் இல்ல சேர். காலைல பேர் பதியுற பெரட்டுக்கு எல்லாரும் வந்தாங்க. மூஞ்சப் பாத்துப் பேர் பதியுற மெசினுக்கு முன்னால வந்ததும் முந்தானையால மூஞ்ச மூடிக்கிட்டு மலைக்குப் போயிட்டாங்க.

ஜீவராஜ்: நெட்வேர்க் பிரச்சினையோ?

சுலக்ஷனா: இல்ல. என் மூஞ்ச மட்டும் நல்லா தெரிஞ்சு வச்சிருக்கு.

ஜீவராஜ்: சிரிக்காதீங்க. கம்பனியையே மாத்துறதுக்கு உங்களக் கொழும்புலருந்து அனுப்பியிருக்காங்க. மொதத் தேயிலத் தோட்டத்துலயே இப்படின்னா...

சுலக்ஷனா: சிரிக்கல சேர். மூஞ்சக் காட்டினா, நிறுத்த கொழுந்தோட கணக்கு அவங்கவங்க போனுக்கே வந்துரும்னு எடுத்துச் சொன்னேன். கேக்கல.

ஜீவராஜ்: மனுசங்க பழக்கம் மாறணும்னு படம் போட்டுக் காட்டினீங்களே. அதுல இது எங்க இருக்கு?

சுலக்ஷனா: அவங்க மெசினுக்குப் பயப்படல சேர். கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதுற கங்காணிமார் வேலை போயிரும்னு தெரிஞ்சுருச்சு. "எங்க வீட்டுக்காரர வீட்டுக்கு அனுப்ப நான் மூஞ்சக் காட்டணுமா"ன்னு மீனம்மாக்கா கேட்டாங்க.

ஜீவராஜ்: அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம்.

சுலக்ஷனா: தேத்தண்ணி குடிங்க சேர்.

ஜீவராஜ்: நம்ம பெரிய கிளாக்கர் பத்திநாதன் காதுல விழுந்திருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம்தானே மேச. கொழும்புக்கு அவரு பேரத்தான் சொல்லப் போறேன்.

சுலக்ஷனா: வேலையவிட்டு நிப்பாட்டிருவாங்க சேர்.

ஜீவராஜ்: அப்ப யாருன்னு சொல்லுங்க.

சுலக்ஷனா: தேத்தண்ணி ஆறுது சேர்.

ஜீவராஜ்: ஆறட்டும்.

சுலக்ஷனா: ...நான்தான் சொன்னேன். ஞாயித்துக்கெழம, மீனம்மாக்காவோட லயத்து வீட்டுக்குப் போயி. மறைச்சு வச்சு ஆரம்பிச்சா கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் ஒடைச்சுப் போடுவாங்க. கங்காணிமாரயே மெசினுக்குப் பழக்கலாம்னு கொழும்புக்கும் எழுதிட்டேன்.

ஜீவராஜ்: என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம.

சுலக்ஷனா: கேட்டா விட்டிருப்பீங்களா?

ஜீவராஜ்: மாட்டேன்... கொழும்புல என்ன சொல்றாங்க?

சுலக்ஷனா: யோசிக்கிறாங்களாம்.

ஜீவராஜ்: ம்... கங்காணிமாருக்குச் சொல்லணும்னு தோணியிருக்கு. நல்லது. எனக்குச் சொல்லணும்னு ஏன் தோணல?

சுலக்ஷனா: உங்களுக்கு... என்ன சேர்?

ஜீவராஜ்: மெசின் ஓட ஆரம்பிச்சா பக்கத்துத் தோட்டத்துத் தொரையே இந்தத் தோட்டத்தையும் பாத்துக்குவாரு, இங்க என்னைய மாதிரி தனியா ஒரு மனேஜர் வேணாம்னு. அந்தத் திட்டத்த எழுதினது நீங்கதானே.

சுலக்ஷனா: எப்ப... யாரு சொன்னா?

ஜீவராஜ்: கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

சுலக்ஷனா: சொன்னா மெசின கேட்டுக்குள்ளயே விடமாட்டீங்கன்னு பயந்தேன் சேர்.

ஜீவராஜ்: மெசின் ஏத்தின லொறி வாறதுக்கு முந்தியே எனக்குத் தெரியும். நிறுவையில இனி எவனும் பொம்பளைங்க கொழுந்துல கிலோவ வெட்ட முடியாதுல்ல... தெரிஞ்சுதான் எறக்கச் சொன்னேன்.