சதுக்கத்துப் பக்கம் மட்டும் வேண்டாம்

மிரெல்லா: ...பனிமலை ஊர்ச் சதுக்கத்துல அறை காலியா இருக்குன்னு எத்தனை தடவைடி சொல்றது? எதிர்ல ரொட்டிக்கடை, பக்கத்துல தேவாலயம், நாலு எட்டு வச்சா பஸ். இன்னும் என்ன வேணும் என் தங்கச்சிக்கு?

நீவெஸ்: அதே ஊர்ல மலைமேல இருக்கிற மேலூர் வேணும். கதவைத் திறந்தா பனி. காலுல சறுக்குக் கட்டையை மாட்டினா நேரா மலையேத்துற லிஃப்ட்ல போய் நிக்கலாம்.

மிரெல்லா: மேலூர்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஈ காக்கா கிடையாது. ஒரு வாய் காப்பிக்குக்கூட சறுக்கிக்கிட்டே கீழ வரணும். திரும்பி ஏறும்போது நீ தூக்கிட்டுப் போவியா என்னை?

நீவெஸ்: உன்னையா? அதுக்கு ரெண்டு பனிவண்டி வேணும் அக்கா.

மிரெல்லா: வாயப் பாரு. மணி பதினொண்ணு நாப்பது. பன்னெண்டுக்குள்ள சொல்லலேன்னா அந்த அறைக்காரம்மா அதைக் கேட்டு வச்சிருக்கிற ஜெனோவாக்காரங்களுக்குக் குடுத்துடுவா.

நீவெஸ்: தாராளமாக் குடுக்கட்டும். நாம ஆத்துக்கு அக்கரையில பாக்கலாம்.

மிரெல்லா: அக்கரையா... மத்தியானம் ரெண்டு மணிக்கே வெயில் மலைக்குப் பின்னால போயிடும். காயப்போட்ட சாக்ஸ் காஞ்ச மீன் மாதிரி விறைச்சு நிக்கும். அப்பா ஒரு தடவை லீவுக்கு அங்க தங்க வச்சாரே, ஞாபகமில்ல? எட்டு நாளும் அம்மா அவர்கூடப் பேசல.

நீவெஸ்: வாழ்க்கையிலயே நிம்மதியான எட்டு நாள்னு அப்பா சொல்லுவாரே.

மிரெல்லா: சிரிச்சு மழுப்பாதே. சதுக்கம்னா உனக்கு ஏன் இப்படி வேப்பங்காயாக் கசக்குது?

நீவெஸ்: தேவாலய மணி. காலையில ஆறுக்கே அடிக்க ஆரம்பிச்சுடுவாங்க.

மிரெல்லா: தூரின்ல உன் படுக்கைக்கு அடியில ட்ராம் ஓடுது. அதுல குறட்டை விடுறவ...

நீவெஸ்: ட்ராம் வேற, மணி வேற. அப்புறம் அந்த ரொட்டிக்கடை வாசனை... நான் குண்டாயிடுவேன்.

மிரெல்லா: நீ எப்பலேர்ந்து உடம்பைப் பத்திக் கவலைப்பட ஆரம்பிச்சே?

நீவெஸ்: சும்மாத்தான்... இந்த வசந்தத்துல ஒரு கவுன் போடணும்.

மிரெல்லா: என்ன கவுனு?

நீவெஸ்: கவுன்தான். பொதுவா.

மிரெல்லா: ம்... ஒரேஸ்தேதான காரணம்?

நீவெஸ்: யாரு?

மிரெல்லா: யாருன்னு கேக்குறா பாரு. சிவப்புச் சட்டை மாட்டிக்கிட்டு, வர்றவங்களுக்கெல்லாம் சறுக்கக் கத்துக் குடுப்பானே, அந்த ஒரேஸ்தே. சறுக்குப் பள்ளி சதுக்கத்துலதான இருக்கு. அவன் மூஞ்சில முழிக்கணுமேன்னு பாக்குறே.

நீவெஸ்: ஓ, அவரா... இன்னும் அந்த ஊர்லயா இருக்காரு?

மிரெல்லா: காது ஏன் சிவக்குது?

நீவெஸ்: அடுப்புப் பக்கத்துல உக்காந்திருக்கேன்ல.

மிரெல்லா: அடுப்பு என் பக்கத்துல இருக்குடி.

நீவெஸ்: விடேன் அக்கா. ஒன்பது வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் ஒண்ணாப் பனிக்குப் போறோம். எங்க தங்கினா என்ன?

மிரெல்லா: அந்த ஒன்பது வருஷத்துக்குக் காரணமே நான்தான. வாராவாரம் புதுப் பொண்ணுங்க வந்து இறங்குற ஊரு, சறுக்கு வாத்தியாரை நம்பி என் தங்கச்சியக் குடுக்க மாட்டேன், அவ இருக்குற பக்கம் தலைவச்சுப் படுக்காதேன்னு அவன்கிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். அவனும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் நீ என்கூட எங்கயும் வரல. கிறிஸ்துமஸுக்கு வருவே, பாத்திரத்தக் கழுவுவே, கிளம்பிடுவே. எனக்கு என் தங்கச்சி திரும்ப வேணும். அவ்வளவுதான்.

நீவெஸ்: ...காப்பி பொங்குது.

மிரெல்லா: பொங்கட்டும்.

நீவெஸ்: அந்தக் கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு அக்கா. நிஜமா.

மிரெல்லா: போச்சுன்னா சதுக்கத்துக்கு வா.

நீவெஸ்: அது வந்து... மேலூர் வீட்டுக்காரிகிட்ட நான் வர்றோம்னு சொல்லிட்டேன்.

மிரெல்லா: சொல்லிட்டியா? அப்ப ஒரு மணி நேரமா எதுக்கு என் உயிர வாங்குறே?

நீவெஸ்: நீயே மேலூர்னு சொல்லிட்டா நல்லா இருக்குமேன்னு...

மிரெல்லா: நானும் சதுக்கத்து அம்மாகிட்ட சொல்லிட்டேன்.

நீவெஸ்: என்னது... அப்ப ஜெனோவாக்காரங்க?

மிரெல்லா: ஜெனோவாவுல அவங்கவங்க வீட்டுல சௌக்கியமா இருக்காங்க.

நீவெஸ்: அடிப்பாவி. மாத்து. இப்பவே போன் பண்ணி மாத்து.

மிரெல்லா: காரணத்தச் சொல்லு, மாத்துறேன்.

நீவெஸ்: கத்தக் கூடாது.

மிரெல்லா: நான் எப்ப கத்தினேன்?

நீவெஸ்: பொறந்ததுலேர்ந்து. ...ஊர் மன்றம் சதுக்கத்துலதான இருக்கு. அதோட கதவுக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி. கல்யாணத்துக்கு முன்னாடி யாரு யாரைக் கட்டிக்கப் போறாங்கன்னு பேர் போட்டு ஒட்டுவாங்களே...

மிரெல்லா: ஒட்டுவாங்க.

நீவெஸ்: தூரின்லயும் ஒட்டியிருக்காங்க. அந்த நூறு காகிதத்துல அது ஒண்ணு, எவன் நின்னு படிக்கிறான். சதுக்கத்துப் பெட்டியில இருக்கிறதே மூணு. ஒண்ணு தண்ணி வராதுன்னு. இன்னொண்ணு யாரோட ஆடோ காணோம்னு. மூணாவது... ஒரேஸ்தேயும் நானும். ரெண்டு வருஷமாச்சு. அவர்தான் மறுபடி கடிதம் போட்டாரு. கேளு அக்கா... என் அக்கா அதைத் தெருவுல நின்னு படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. மேலூர்ல, யாரும் இல்லாத இடத்துல, உன்னை உக்கார வச்சு நானே சொல்லணும்னு இருந்தேன். சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும். என் பக்கத்துல நீதான் நிக்கணும். திட்டணும்னா இப்பவே திட்டிடு.

மிரெல்லா: எங்கடி திட்டுறது... போன ஞாயித்துக்கிழமை அறையப் பாத்துட்டு வரலாம்னு நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். ஆடு காணோம்ங்கிறதுக்குக் கீழ உன் பேரப் படிச்சுட்டு, ரொட்டிக்கடைக்காரியக் கட்டிக்கிட்டு அழுதேன், பாவம் அவ பயந்தே போயிட்டா. நீயே வாயத் திறந்து சொல்லட்டும்னு, அந்தப் பெட்டி நேரே தெரியுற ஜன்னலாப் பாத்துத்தான் அறையைப் பிடிச்சேன். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவியோ மாட்டியோன்னு தெரியாம ஒரு வாரமா ஒரு வாய் இறங்கல எனக்கு.