முன் அச்சு

பெரிய ரயர் போட்ட வண்டி பார்வைக்கு நல்ல எடுப்பாகத்தான் இருக்கும், ஐயா. ஆனால் இழுக்காது. சில்லு பெருத்தால் ஒரு சுற்றுக்குப் போகிற தூரமும் கூடும். எஞ்சின் அதே பழைய எஞ்சின்தானே. பாரம் ஏற்றினால் முக்கும், முனகும், கிளச் கருகி மணக்கும். இதை விளங்கிக்கொண்டீர்களென்றால் மிச்சம் லேசு.

மடத்துவெளி மார்க்கண்டுவின் பிக்கப் அப்படித்தான் கரம்பொனிலுள்ள என் கராச்சுக்கு வந்தது. சாட்டிக் கிணறுகளில் நல்ல தண்ணீர் அள்ளி, பீப்பாய்களில் புங்குடுதீவுக்குக் கொண்டுபோகிறவர் அவர். மணலில் புதைகிறதென்று வண்டியை உயர்த்தி, லொறி ரயர் பூட்டியிருந்தார். "அப்புத்துரை அண்ணை, பீப்பாய் ஏத்தினால் இழுக்குதே இல்லை," என்றார். அச்சுப் பெட்டிக்குள் இருக்கிற பல்சக்கரங்களை மாற்றினால் சரிவரும் என்றேன். நாலு சில்லும் இழுக்கிற வண்டி அது. ஆகவே முன் அச்சுக்கு ஒரு சோடி, பின் அச்சுக்கு ஒரு சோடி, இரண்டும் ஒரே கணக்கில் இருக்கவேண்டும்.

இறக்குமதியை இறுக்கிய காலம், சாமான் குதிரைக்கொம்பு. கொழும்பிலிருந்து அது வந்துசேரும் வரைக்கும் மார்க்கண்டு விசாரிக்க வந்துபோனார். தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது என் தங்கை மீனலோசனி.

அம்மா கண்ணை மூடியபோது மீனா சின்னஞ்சிறு பிள்ளை. குளிக்க வார்த்தது, காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துப் பருக்கியது எல்லாம் நான். அவளுக்காகவே நான் கலியாணம் கட்டவில்லை. பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிற்பாட்டினேன். வழிதெருவில் என்னென்ன சனம் நிற்கும். வந்த சம்பந்தங்களுக்கு, சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினேன். பொருந்தியதுதான். மாப்பிள்ளைமார் எனக்குப் பொருந்தவில்லை.

மார்க்கண்டுவை அப்படித் தட்ட முடியவில்லை. மீனாவே வாய் திறந்து, "எனக்கு விருப்பம், அண்ணை," என்றுவிட்டாள். நானும் சரியென்றேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெட்டைக்குத்தான் சீதனம். மாப்பிள்ளை வந்து அதில் இருப்பார். நான் பின்வளவுக் கொட்டிலுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். குசினியில் அவள் கதைப்பது கொட்டிலுக்குக் கேட்கும்.

கலியாணப் பேச்சன்று மார்க்கண்டு எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "எனக்கு வீடு வேண்டாம். அண்ணையின்ரை வீட்டிலை அண்ணையே இருக்கட்டும். நான் மீனாவை மடத்துவெளிக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

பக்கத்து வீட்டுச் சீதேவியக்கா கண்ணைத் துடைத்தா. "உப்பிடி ஒரு மாப்பிள்ளையை விளக்கு வைச்சுத் தேடினாலும் கிடைக்காது. நீர் குடுத்துவைச்சனீர், அப்புத்துரை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டை எனக்கு விட்டுவிட்டு, வீட்டுக்குள் இருப்பதை எடுத்துக்கொண்டு போக அவன் ஆர்?

அடுத்த நாள் பின் அச்சை மட்டும் மாற்றினேன். முன் அச்சுக்கு வந்த புதுச் சோடியைக் கிறீஸ் பூசி, சாக்கில் சுற்றி, பழைய இரும்புகளுக்கு அடியில் வைத்தேன். முன் பெட்டியின் மூடியைச் சும்மா கழற்றிப் பூட்டி, புது எண்ணெயும் விட்டேன்.

வழமையான ஓட்டத்தில் பின் சில்லுகள் மட்டும்தான் இழுக்கும், ஒன்றும் தெரியாது. நாலையும் பூட்டினால் முன்னுக்கு ஒரு வேகம், பின்னுக்கு ஒரு வேகம். மணல் அதைப் பொறுக்கும். சில்லு சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். அதனால் சாட்டி மணலில்தான் ஓட்டிக் காட்டினேன். நிறைந்த பீப்பாய்களோடு முனகாமல் ஏறியது. மார்க்கண்டு என் கையைப் பிடித்து, "வேலைகாரன் எண்டால் நீங்கள்தான், அண்ணை," என்றார். இறுகிய றோட்டு பொறுக்காது. அச்சு இரண்டும் ஒன்றையொன்று முறுக்கும், ஸ்ரியறிங் கைக்கு அடங்காது, பல் உடைந்து இறுகினால் வண்டி தன் எண்ணத்துக்குத்தான் போகும்.

ஆவணியில் கலியாணமென்று நாள் வைத்திருந்தோம். ஆடியில், கச்சான் காற்று அடித்து, கடலுக்கு நடுவால் புங்குடுதீவுக்குப் போகிற இறுகிய தாம்போதி றோட்டுக்கு மேலால் கடல் பாய்ந்துகொண்டிருந்த ஒரு காலை, மீனா நல்ல சேலை உடுத்துக்கொண்டு வந்தாள். மடத்துவெளி வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்றாம், அதைக் காட்ட மார்க்கண்டு வண்டியோடு வந்து வாசலில் நின்றார். துணைக்குச் சீதேவியக்கா. சீதேவியக்காவோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

"அண்ணை, போட்டு வாறன். பிட்டு மூடி வைச்சிருக்கு, ஆற முதல் சாப்பிடுங்கோ," என்றாள்.

ஒரு சொல்லில் நிற்பாட்டியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோசத்தை என் வீட்டில் நான் ஒருநாளும் கண்டதில்லை. வண்டி யன்னலில் கையை வைத்து மார்க்கண்டுவிடம் சொன்னேன்: "தாம்போதியிலை சாதாழைப் பாசி ஒதுங்கி வழுக்கும். ஏறின உடனை நாலு சில்லையும் பூட்டும். பிள்ளை இருக்கிறாள்."

"ஓம் அண்ணை," என்றார்.

போய்ப் பிட்டைச் சாப்பிட்டேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். நடுத் தாம்போதியில் வண்டி வெட்டித் திரும்பிக் கடலுக்குள் கவிழ்ந்தது. வள்ளக்காரர் மூவரையும் எடுத்தபோது ஒருவருக்கும் உயிரில்லை. மீனாவை எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். தலைமயிரில் சிக்கியிருந்த சாதாழையை நானே எடுத்துவிட்டேன்.

மனம் குத்தி இங்கே பொலிசுக்கு வந்தேன் என்று நினைக்காதீர்கள். மரண விசாரணையில் முன் அச்சைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மெக்கானிக் மாற்ற மறந்துவிட்டார், கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். ஊரும், "பாவம், தங்கச்சியின்ரை கலியாண யோசினையிலை மறந்துபோனான்," என்று எனக்காக அழுகிறது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் உங்கள் எழுத்தில் அப்படி இருக்கக்கூடாது. அதை வெட்டிவிட்டு, தெரிந்துதான் செய்தான், மூன்று பேரையும் கொன்றவன் இவன்தான் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். மீனாவின் விசயத்தில் நான் ஒருநாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை, ஐயா.